கடலைக்காய்க் கிடங்குக்கு ஓர் உள்தாழ்ப்பாள்

சென்னையிலிருந்து வருவோர் எங்கள் ஊரை வடக்கு என்பர். ஹைதராபாத்திலிருந்து வருவோர் தெற்கு என்பர். பாலசமுத்திரத்துக்கும் அப்பால், ஆந்திர எல்லைக்குள் தமிழ் பேசும் வீடுகள் வடதிசையில் முடிந்துபோகும் இடத்தில் நாங்கள் வாழ்ந்துவந்தோம். திசையைப் பற்றி மாறுபட்ட இரு சாராரும் ஒரு செய்தியில் மட்டும் ஒத்துப்போயினர். 'அம்மாடி, எம்மாந் தூரம்!' என்பதே அது.

நாட்டின் கதவுகள் திறக்கப்பட்டுவிட்டன என்று செய்தித்தாள்கள் எழுதிய ஆண்டுகள் அவை. திறந்த கதவின் வழியே எங்கள் இளைஞர்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் வெளியேறினர். அதே கதவின் வழியே தனியார் பால் வண்டிகள் உள்ளே நுழைந்தன. பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்துவந்த எங்களுக்குத் துண்டு நிலமும், கடனில் ஒரு ஜெர்சிப் பசுவும் வாய்த்தன. நான் பால் சங்கத்தில் பால் அளந்துகொண்டிருந்தேன். ஊரின் செழுமை அனைத்தும் அந்தப் பசுக்களின் மடியில் இருந்தது என்று நான் எழுதினால் அது அலங்காரம் அன்று. அளந்து பார்த்தவன் கூற்று.

ஆனால் ஜெர்சிப் பசு நாட்டு மாட்டைப் போன்றதன்று. அது பெரிய வீட்டு மருமகளைப் போல அடிக்கடி நோய்ப்படும். மருத்துவர் இல்லாத ஒரு கோடையில், வயிற்றில் கன்று குறுக்கே நின்று, எங்கள் முதல் பசு என் மனைவியின் மடியில் தலைவைத்து இறந்தது. ஊரில் கால்நடை மருந்தகம் இருந்தது, அதற்குப் பூட்டும் இருந்தது, மருத்துவர்தாம் நிலைத்ததில்லை. வந்தவர் ஒவ்வொருவரும் பெட்டியைப் பிரிக்கும் முன்பே மாற்றலுக்கு மனு எழுதினர். இறுதியில் மேலதிகாரி எங்கள் ஊராட்சித் தலைவரான சர்பஞ்சை அழைத்து, "இன்னொருத்தரை அனுப்பறேன். அவரும் ஓடிட்டா மருந்தகத்தை வேற ஊருக்கு மாத்திடுவேன்" என்று உறுதிபடக் கூறிவிட்டார்.

அவ்விதம் வந்து சேர்ந்தவர், ஸ்ரீகாகுளம் பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றைச் சேர்ந்த இளைஞர். ஒல்லியான உடல், ஓர் இரும்புப் பெட்டி, ஒரு குடை, எதற்கும் ஒரு புன்னகை. ஊரே வெளியே போய்க்கொண்டிருந்த காலத்தில் ஊருக்குள் வந்த ஒரே மனிதர் அவர். எங்களுக்கோ வழியனுப்பத் தெரியுமே அன்றி வைத்துக்கொள்ளத் தெரியாது. பழக்கத்தின் காரணமாக, அவர் பேருந்திலிருந்து இறங்கியதும் மாலையிட்டு, கையில் கட்டுச்சோற்றைக் கொடுத்து, "பத்திரமாப் போய்ச் சேரு நைனா" என்று என் மனைவி கண்கலங்கிவிட்டாள். "எங்கே போவது?" என்று அவர் தெலுங்கில் வினவினார். 

அன்று மாலையே ஒரு கமிட்டி அமைந்தது. சர்பஞ்சு தலைவர், மைக்செட்டுக்காரர் செயலாளர், எழுத்து வாசனை உள்ளவன் என்பதால் நான் ஆலோசகன். டாக்டரை ஊரில் நிறுத்துவது ஒன்றே குறிக்கோள்.

"ஆளு தனியா கீறாரு. தனியா இருந்தா வூட்டு நெனப்பு வரும். நெனப்பு வந்தா பஸ் ஏறிடுவாரு. அதனால தனியாவே வுடக் கூடாது" என்றார் சர்பஞ்சு.

அவருடைய மதிநுட்பத்தை எண்ணி நாங்கள் வியந்தோம். குடியிருக்கச் சர்பஞ்சின் பழைய கடலைக்காய்க் கிடங்கு வெள்ளையடித்துக் கொடுக்கப்பட்டது. பின்புறம் புளியமரத்தடியில் ஓலை மறைப்புக் கட்டிக் குளியலறையும் ஆயிற்று. கூரையை மட்டும் மறந்துவிட்டோம். விடியும் முன் அவர் சோர்ந்துவிடாதபடி, மைக்செட்டுக்காரர் கோயில் மேலிருந்த குழாய் ஒலிபெருக்கியை அவருடைய சன்னலை நோக்கித் திருப்பிப் பக்திப்பாடல் வைத்தார். பகலெல்லாம் அவர் திண்டாடாமல் இருக்க யாரேனும் ஒருவர் அருகில் அமர்ந்தே இருந்தோம். உணவு வீட்டுக்கு வீடு முறைவைத்துச் சென்றது. நேற்றைய வீட்டைவிட இன்றைய வீடு தாழ்ந்துவிடலாகாதே என்பதால், குழம்பின் காரமும் களியுருண்டையின் பருமனும் நாளுக்கு நாள் வளர்ந்தன. ஒரு நாள் வந்த உருண்டையைக் கண்டு, அதைத் தட்டில் வைத்திருக்கிறார்களா அல்லது தட்டுதான் அதன்மேல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்று எனக்கே ஐயம் எழுந்தது.

எல்லாவற்றுக்கும் அவர் புன்னகை செய்தார். எல்லாவற்றுக்கும் "பர்வாலேது, பர்வாலேது" என்றார். பரவாயில்லை என்பதே அதன் பொருள். எங்கள் தமிழ் அவருக்குப் புரியும்; பேசுவது மட்டும் தெலுங்கு. மகிழ்ச்சியில் திளைக்கிறார் என்று நாங்கள் தீர்மானித்தோம். அவருடைய கைராசியோ சொல்லி முடியாதது. காலால் உதைக்கும் பசுகூட அவர் ஊசி போட்டால் தலையாட்டி நின்றது. பால் பெருகிற்று. சங்கத்தின் கேன்கள் நுரைத்து வழிந்தன. கமிட்டி தன்னைத்தானே பாராட்டிக்கொண்டு ஒரு புகைப்படமும் எடுத்துக்கொண்டது.

இந்நிலையில் கங்கம்மா ஜாத்திரை வந்தது.

எங்கள் பக்கத்து ஜாத்திரையை அறியாதோர்க்கு ஒரு சொல். ஆண்கள் முகத்தில் கரியும் சுண்ணமும் பூசி, பெண்டிரின் புடவையை உடுத்து, வேப்பிலையைச் சொருகிக்கொண்டு, பம்பை முழங்க வீடுவீடாகச் செல்வர்; சென்று வாசலில் நின்று வாயாரத் திட்டுவர். திட்டு அம்மனுக்கு உகந்தது. திட்டப்பட்டவனுக்குக் கண்ணேறு கழியும். வேடமிட்டவனுக்கே திட்டும் உரிமை உண்டு; மாலையில் அம்மனுக்குச் சோற்றைக் குவித்துக் கும்பம் படைக்கும் வரை அவன் கரியைக் கழுவலாகாது, ஊரின் எல்லைக்கல்லைத் தாண்டலும் ஆகாது. யாரையும் கண்டபடி திட்டிவிட முடியாது என்பதும் விதி. உறவினரை, மிகவும் வேண்டியவரை மட்டுமே திட்டுவோம். வெளியூரார் ஒருவரை நாங்கள் திட்டியதாக வரலாறு இல்லை.

கமிட்டி கூடிற்று. "டாக்டரத் திட்டலாமா?" என்பதே பொருள்.

"இன்னும் ஒரு வருசம் ஆவட்டுமே" என்றேன் நான்.

"இன்னாய்யா பேசற?" என்று சர்பஞ்சு வெகுண்டார். "எம் மாட்டுக்குப் பிரசவம் பாத்த கை அது. எம் பங்காளியத் திட்டுவேன், அவரத் திட்ட மாட்டேனா? பாவம், வூட்டுக்கு வூடு திட்டிக்கினு போறப்ப அவரு வாசல மட்டும் தாண்டிப் போனா அந்த மனசு இன்னா பாடு படும்!"

அந்தக் காட்சியை எண்ணி மைக்செட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சாதாரணத் திட்டு போதாது, முதல் தரமான திட்டாக இருக்கவேண்டும் என்று மூவரும் அமர்ந்து இயற்றினோம். அவரிடம் முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆந்திர தேசத்தில் கங்கம்மா இல்லாத ஊரும் இருக்குமா? வானத்தில் சூரியன் வரும் என்று விருந்தாளிக்கு யாரேனும் அறிவிப்பார்களா?

அன்று முற்பகல், சர்பஞ்சு தம் துணைவியாரின் அரக்கு நிறப் பட்டிலும், நான் என் மனைவியின் நகரி நூல்புடவையிலும், மைக்செட்டுக்காரர் தையல் பிரியும் ஓசை கேட்கக் கேட்கத் தம் தமக்கையின் ரவிக்கையிலும், கரிய முகத்துடன் கிடங்கின் வாசலை அடைந்தோம். பின்னால் ஊர். பம்பை அதிர்ந்தது. டாக்டர் புன்னகையோடு கதவைத் திறந்தார்.

"டேய் ஊசிக்காரா!" என்று தொடங்கினார் சர்பஞ்சு. "மாட்டு வாலத் தூக்கித் தூக்கிப் பாத்தே பொழப்பு நடத்தறவனே! கொக்குக்குக் கோட்டு மாட்டுன மாதிரி நின்னுகினு கீறியே, காத்தடிச்சா காளஹஸ்தில போய் வுழுவியேடா!"

"ஒரு களி உருண்டயத் துன்ன ஒரு வாரம் பண்றியே, அது வாயா, சாவித் தொவாரமா?" என்றார் மைக்செட்டுக்காரர்.

என் பங்கு வந்தது. "உன் மூஞ்சப் பாத்தா கறக்கற மாடும் பால உள்ள இழுத்துக்கும்டா! எங்கடா புடிச்சாங்க உன்ன, போற வழியப் பாத்துக்கினு போயேன்டா!" என்றேன். என் வாக்கியத்துக்கே கைதட்டல் மிகுதி.

டாக்டரின் முகத்திலிருந்த புன்னகை, விளக்கைச் சிறிதாக்கினாற் போலக் குறைந்து குறைந்து அணைந்தது.  கதவைச் சாத்திக்கொண்டார்.

"ஆனந்தத்துல பேச்சே வரல பாரு" என்றார் சர்பஞ்சு. ஆகவே கதவை நோக்கி இன்னொரு சுற்று, இன்னும் உரத்துத் திட்டிவிட்டு அடுத்த வாசலுக்குப் புறப்பட்டோம்.

நான்காவது வீட்டில் என் மாமனாரைத் திட்டிக்கொண்டிருந்தபோது என் மனைவி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அறிவு கெட்ட ஜென்மங்களா! அந்தப் புள்ள பொட்டியத் தூக்கிக்கினு பஸ்ஸுக்குப் போய்க்கினு கீது! கண்ணெல்லாம் தண்ணி! அதுங்க ஊர்ல இந்தத் திட்டு மொறையே கெடையாதாம். நம்ம ஊரே சேந்து தொரத்துதுன்னு சொல்லிச்சு எங்கிட்ட!"

அந்நொடியில் எனக்குத் தெரிந்தது டாக்டரின் முகமன்று. என் மனைவியின் மடியில் கிடந்த அந்தப் பசுவின் முகம்.

ஓடினோம். பெருமக்களே, நாங்கள் ஓடிய ஓட்டத்தை எந்த நடையில் எழுதுவது? கரியைக் கழுவ விதியில்லை. புடவையை மாற்ற நேரமில்லை. சர்பஞ்சு முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கொசுவத்தை இரு கைகளாலும் அள்ளிக்கொண்டு ஆவேசமாக முன்னே சென்றார். மைக்செட்டுக்காரரின் ரவிக்கை முதுகில் இரண்டாகப் பிரிந்து சிறகாயிற்று. நடந்ததை அறியாத பம்பைக்காரர், இதுவும் சடங்கின் ஒரு பகுதி என்று கருதி அடித்துக்கொண்டே உடன் ஓடிவந்தார். எதிரே வந்த கன்றுக்குட்டி ஒன்று எங்களைக் கண்டு, வாழ்வில் முதன்முறையாகத் தாயை விட்டுவிட்டுத் தனியே ஓடிற்று.

திருப்பதி செல்லும் மதியப் பேருந்து எல்லைக்கல்லுக்குச் சற்று முன்னால், வேப்பமரத்தடியில் உறுமிக்கொண்டிருந்தது. பெட்டி மேலே ஏறிவிட்டது. டாக்டர் சன்னலோரத்தில் அமர்ந்திருந்தார். சர்பஞ்சு வண்டியின் முன் இரு கைகளையும் விரித்து நின்றார். ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டார். அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று எண்ணிச் செருப்பையும் கழற்றினார்.

"இன்னும் திட்டவேண்டியது பாக்கி இருக்கிறதா?" என்று டாக்டர் சன்னல் வழியே கேட்டார். அவர் பேசியது தெலுங்கு. நான் தமிழில் தருகிறேன்.

நாங்கள் மூவரும் ஒரே சமயத்தில் விளக்கினோம். கரிய முகத்துடன் மூவர் கத்தினால் விளக்கமும் வசவாகவே கேட்கும் என்பதை அன்று அறிந்தோம். நல்லவேளையாகத் திருப்பதிக்காரரான கண்டக்டர் குறுக்கிட்டார்.

"சார், எங்க திருப்பதில ஜாத்திரை வந்தா மாமனார மருமவன் திட்டுவான், மொதலாளிய வேலக்காரன் திட்டுவான். வேண்டாதவன எவன் சார் வாய் வலிக்கத் திட்டுவான்? உங்கள இவனுங்க சொந்தக்காரன் ஆக்கிட்டானுங்க சார். இனிமே தப்பிக்கவே முடியாது."

டாக்டர் சன்னல் கம்பியருகே முகத்தைக் கொண்டுவந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்படியானால் நானும் திட்டலாமா?"

"தாராளமா!" என்றார் சர்பஞ்சு. "ஆனா வேசம் போட்டவந்தான் திட்டலாம்." கூறியவாறே தம் கன்னத்துக் கரியை உள்ளங்கையால் வழித்து, சன்னல் கம்பி வழியே கைவிட்டு, டாக்டரின் இரு கன்னங்களிலும் அப்பினார். கண்டக்டர் வேப்பங்கொத்து ஒன்றை ஒடித்து அவர் காதில் சொருகினார்.

டாக்டர் பேருந்தின் படியில் வந்து நின்றார். ஒருமுறை மூச்சை இழுத்தார். பின்பு மடை திறந்தது.

"ஒரேய் மைக்செட்டு! அந்தக் குழாயை என் காதுக்குள்ளேயே சொருகிவிடேன்டா! உன் பாட்டைக் கேட்டு சாமியே ஊரைவிட்டுப் போயிருக்கும்! ஒரேய் சர்பஞ்சு! கூரை இல்லாத குளியலறையை எந்த எஞ்சினியரடா உனக்குக் கட்டிக் கொடுத்தான்? புளியமரத்தில் புளி பறிக்கிறவன் மேலிருந்து, 'சார், முதுகில் சோப்பு போகவில்லை' என்று சொல்கிறான்டா! மிளகாயை அரிசி என்று நினைத்துச் சமைக்கிறீர்களா? மீன் என்று ஒரு பிராணி உலகத்தில் இருப்பது தெரியுமா உங்களுக்கு? அந்தக் களியுருண்டையை மலையிலிருந்து உருட்டிவிட்டால் நகரி வரைக்கும் நிற்காமல் போகும்டா! ஒரேய் பால்காரா!"

நான் தலைகுனிந்தேன்.

"நான் அம்மாவுக்குக் கடிதம் எழுதினால் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, 'நான் கேட்டதாவும் ஒரு வரி எழுதுங்க' என்கிறாயே, உன்னைப் பெற்றார்களா, ஒட்டவைத்தார்களா?"

பேருந்திலிருந்த பயணிகள் கைதட்டினர். நகரித் தறிக்காரர் ஒருவர், "சார், இந்த ஓரத்துல நிக்கறவன வுட்டுட்டீங்க" என்று எடுத்துக்கொடுத்தார். ஓரத்தில் நின்றவருக்கும் உரியது கிடைத்தது. டாக்டரின் குரல் ஏறிற்று, கண்கள் மின்னின. ஊரார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். இத்தகைய தரமான திட்டை எங்கள் முன்னோரும் கேட்டிரார்.

திடீரென அவர் குரல் இறங்கிற்று. "எல்லாம் கொடுத்தீர்களே. ஒருத்தனாவது, ஒரு நாளாவது, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டானா?"

பம்பை நின்றது. கமிட்டியின் தலைவர், செயலாளர், ஆலோசகன் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கேள்வி எங்கள் கூட்டங்களில் ஒருமுறையும் எழுந்ததில்லை.

என் மனைவி முன்னே வந்தாள். "இன்னா நைனா வோணும் உனக்கு?"

அவர் கரியில் கோடு விழக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கதவுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள், அம்மா."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அது கடலைக்காய்க் கிடங்கு. மூட்டைகள் உள்ளிருந்து தாழிட்டுக்கொள்வதில்லை. அக்கதவுக்கு வெளியில் மட்டுமே தாழ்ப்பாள். வந்த நாள் முதலாக அவர் ஒரு நாழிகையும் கதவை அடைத்துக்கொண்டு தனியே இருந்ததில்லை.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். "சார், இன்னா செய்யறீங்க? நேரமாவுது."

டாக்டர் உள்ளே திரும்பினார். அப்பொழுது சர்பஞ்சு மிகுந்த அடக்கத்தோடு தொண்டையைக் கனைத்தார். "போவலாம் சார், தாராளமாப் போவலாம். ஆனா வேசம் போட்டவங்க கும்பம் படைக்காம எல்லைக்கல்லத் தாண்டக் கூடாது. அம்மன் கோவிச்சுக்குவா. நாளைக்கு மத்தியானம் இதே பஸ்ல போயிக்கலாம்."

டாக்டர் தம் கன்னத்தைத் தொட்டு, விரலில் ஒட்டிய கரியைப் பார்த்தார். பிறகு சர்பஞ்சைப் பார்த்தார். அந்தக் கரியை அப்பியபோதே சர்பஞ்சு இதனை எண்ணியிருந்தாரா என்று நான் பிற்காலத்தில் பன்முறை வினவியிருக்கிறேன். அவர் வெற்றிலையை மெல்லுவாரே அன்றி விடைகூற மாட்டார்.

டாக்டர் இறங்கினார். பேருந்து புறப்பட்டு, எல்லைக்கல்லைத் தாண்டி, புழுதியில் மறைந்த பிறகே கூரைமேலிருந்த பெட்டியின் நினைவு வந்தது. மனிதர் எங்களிடம், பெட்டி திருப்பதிக்கு.

அந்த மாலையைப் போன்ற ஒரு மாலையை நான் கண்டதில்லை. புடவை கட்டிய தச்சர் கிடங்கின் கதவில் தாழ்ப்பாளை முடுக்கினார். புடவை கட்டிய இருவர் குளியலறைக்குக் கூரை வேய்ந்தனர். கிழிந்த ரவிக்கையுடன் மைக்செட்டுக்காரர் கோயில்மேல் ஏறி, ஒலிபெருக்கியை மனித நடமாட்டம் அற்ற குன்றை நோக்கித் திருப்பினார். கும்பம் படைத்து, கரி கழுவி, சர்பஞ்சின் வேட்டியை இருமடங்காகச் சுற்றிக்கொண்டு டாக்டர் வந்தபோது, "நாளைக்கு யார் வீட்டுச் சாப்பாடு?" என்று அச்சத்துடன் கேட்டார். "யாரு வூடும் இல்ல!" என்று ஊர் முழுதும் ஒரே குரலில் முழங்கியது. அவர் சிரித்த சிரிப்பு அதுவரை நாங்கள் கண்ட புன்னகைகளோடு சேர்த்தி அன்று. இது வயிற்றிலிருந்து வந்தது.

எனினும் வேடம் கலைந்துவிட்டது. விடிந்தால் அவரைத் தடுக்க அம்மனும் இல்லை.

மறுநாள் பேருந்து வந்தபோது ஊரே வேப்பமரத்தடியில் நின்றது. ஒலிபெருக்கிச் சத்தத்தைச் சொல்லி அவர் திட்டியிருந்தாரே. அதனால் ஒருவரும் மூச்சுவிடவில்லை. இருமல் வந்த முதியவர் ஒருவர் கரும்புத் தோட்டத்துக்குள் சென்று இருமிவிட்டு வந்தார். டாக்டர் இடுப்பிலிருந்து நழுவும் சர்பஞ்சின் வேட்டியைக் கையில் பிடித்தவாறே நடந்துவந்தார். பேருந்தின் மேல், திருப்பதியைச் சுற்றிப் பார்த்துத் திரும்பிய அந்த இரும்புப் பெட்டி அமர்ந்திருந்தது.

கண்டக்டர் ஏணியில் ஏறி நின்று கேட்டார்: "இன்னா சார்? எறக்கட்டுமா, இல்ல நீங்களும் ஏறிக்கிறீங்களா?"

டாக்டர் பெட்டியைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். என் மனைவி என் கையை நகம் பதியப் பற்றினாள்.

"இறக்கு" என்றார்.

ஆரவாரம் தொண்டை வரை வந்தது. ஆனால் சத்தம் கூடாதே! மைக்செட்டுக்காரர் துண்டை வாயில் திணித்துக்கொண்டு துள்ளினார். சர்பஞ்சு ஓசையின்றி வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டார். ஊர் முழுதும் ஊமைக்கூத்து ஆடிற்று. பேருந்தின் பயணிகள் எங்களை என்னவென்று எண்ணினரோ, யானறியேன்.

பெட்டியைத் தூக்க ஓடியவர்களை அவர் கைகாட்டி நிறுத்தினார். தாமே தூக்கிக்கொண்டு கிடங்குக்குள் சென்றார். நாங்கள் வழக்கம்போலப் பின்தொடர்ந்து வாசல் வரை சென்றுவிட்டோம். அவர் திரும்பி, எங்கள் முகங்களைப் பார்த்து, "ஒரேய், போங்கடா!" என்று மனமாரத் திட்டிவிட்டு, கதவைச் சாத்தினார்.

உள்ளிருந்து 'டக்' என்று ஓர் ஓசை கேட்டது. தாழ்ப்பாள் விழுந்த ஓசை.

எங்கள் முகத்தில் அறைந்து சாத்தப்பட்ட அந்தக் கதவின் முன் நாங்கள் நின்ற மகிழ்ச்சியை வேறு எந்த வாசலிலும் நான் அடைந்ததில்லை.